36 பிள்ளைகள், ஒரு குழாய், இரண்டு கோச்: பயிற்சியை எப்படித் திரும்பத் தொடங்குறது?

நாவற்குடா விங்கர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். 2021 ஒக்டோபர் 1ஆம் திகதியோட, கொவிட்டுக்கெண்டு போட்ட தனிமைப்படுத்தல் ஊரடங்கை எடுத்தாச்சு. கழகப் பிள்ளைகளைத் திரும்ப மைதானத்தில இறக்கலாமெண்டு இருக்கிறம். பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரும் "எப்படிச் செய்யப் போறீங்க எண்டு எழுதிக் கொண்டு வாங்க, பார்ப்பம்" எண்டு சொல்லியிருக்காங்க. எழுத உக்காந்தா எங்க தொடங்குறதெண்டு விளங்கல்ல.

நிலவரம் இதுதான். 36 பிள்ளைகள், வயசு 11 தொடக்கம் 17. அதில 27 பேர் உதைபந்து, 9 பேர் கபடி. கோச் இரண்டு பேர். பந்து 9. தண்ணிக் குழாய் ஒண்டு, தகரக் கொட்டில் ஒண்டு. மைதானத்தில பாதிதான் நமக்கு, மற்றப் பாதியில பெரியாக்கள் கிரிக்கெட் அடிப்பாங்க. பிள்ளைகளில ஆறு பேர் கொவிட் வந்து சுகமானவங்க. மாதக்கணக்கா ஒருத்தரும் ஓடல்ல.

வெளிநாட்டில இருக்கிற பழைய வீரர்கள் ஒரு லட்சம் ரூபா அனுப்பியிருக்காங்க. கமிட்டியில பாதிப் பேர், வாற பிள்ளைகளுக்கு மேல கிருமிநாசினி தெளிக்கிற வாசல் ஒண்டு செய்விக்கலாம், மைதானப் புல்லுக்கும் அடிக்கலாம் எண்டு நிக்கிறாங்க. அது சரியா? சுகமான பிள்ளைகளை எப்ப, எப்படி ஓட விடுறது? கபடியை என்ன செய்யிறது?


களுவாஞ்சிக்குடி ஸ்டொப்பர்

தம்பி, எல்லாரும் பந்தைப் பாத்துத்தான் பயப்படுறாங்க. இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக் காத்தால பரவுறது, தொட்ட பொருளால பரவுறது அதைவிட எவ்வளவோ குறைவு. காத்தடிக்கிற திறந்த மைதானத்தில ஓடுற பிள்ளைகள், முகத்துக்கு முகம் நெருங்கி நிக்கிற நேரத்தை மொத்தமாக் கூட்டினாலும் சில நிமிஷம் வராது. ஆனா ஒரே ஆட்டோவில ஆறு பேர் திணிஞ்சு வாறதும், தூறலுக்குக் கொட்டிலுக்குள்ள ஒதுங்குறதும், ஒரு போத்தலை அஞ்சு பேர் மாத்தி மாத்திக் குடிக்கிறதும், முடிஞ்சாப் போல தேத்தண்ணிக் கடையில அரை மணித்தியாலம் கதைச்சிக்கிட்டு நிக்கிறதும் அப்படியில்ல. அதனால பி.எச்.ஐ.க்குக் குடுக்கிற தாளில முதல் பக்கம் வரவும் போக்கும். பயிற்சி இரண்டாம் பக்கம்.

36 பேரையும் ஒம்பது ஒம்பதா நாலு குழுவாப் பிரியுங்க. திறமையப் பாத்துப் பிரிக்காதீங்க. அண்ணன் தம்பி, ஒரே ஒழுங்கையில இருக்கிறவங்க, ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில வரணும். அவங்க எப்படியும் ஒண்டாத்தான் திரியிறாங்க. மைதானத்தில வேற வேற குழுவில போட்டா ஒரு வீட்டு நோய் இரண்டு குழுவுக்குப் போகும். மூண்டு உதைபந்துக் குழு, ஒரு கபடிக் குழு எண்டு உங்கட கணக்குக்கும் சரியா வருது.

ஏ, பி இரண்டும் திங்கள், புதன், வெள்ளி. சி, டி இரண்டும் செவ்வாய், வியாழன், சனி. ஒரு கோச் ஏ-யும் சி-யும் மட்டும். மற்றவர் பி-யும் டி-யும் மட்டும். ஒரு கோச்சுக்கு நோய் வந்தா பாதிப் பிள்ளைகள்தான் வீட்டில நிப்பாங்க, கழகம் மூடாது. கோச்மார் இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில வந்து இறங்கினா இந்தக் கணக்கு முழுக்க வீண், அதையும் எழுதி வையுங்க.

நேரம் பின்னேரம் 4.15 தொடக்கம் 5.15. இனி மாரி வருது, ஆறு மணிக்கு முதலே இருட்டிரும். உங்கட பாதியில 25க்கு 25 மீற்றரில இரண்டு பெட்டி சுண்ணாம்பால கீறி, நடுவில 10 மீற்றர் இடைவெளி விடுங்க. வேலி ஓரமா 2 மீற்றருக்கு ஒரு இலக்கம், 1 இல இருந்து 18 வரை. பிள்ளையிட பை, போத்தல், முகக்கவசம் எல்லாம் அந்த இலக்கத்தடியில. இலக்கம் ஒவ்வொரு நாளும் அதேதான். ஓய்வு நேரத்திலயும் அங்கதான் போய் நிக்கணும். "தள்ளி நில்லுங்க" எண்டு கத்துறத விட இது நல்லா வேலை செய்யும், ஏனெண்டா பிள்ளை போத்தல் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். கோன் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய செருப்பு அடியை வட்டமா வெட்டிப் போடுங்க, மிதிச்சாலும் கால் பிரளாது. சிரட்டை வேண்டாம், உடைஞ்சா உள்ளங்காலை வெட்டும்.

முதல் இரண்டு கிழமை தொடுகை இல்லாத பயிற்சி: 8 - 10 மீற்றர் தூரத்தில சோடியாப் பாஸ், பந்தை அடக்குறது, தனியா டிரிபிள், இலக்குப் பாத்து அடிக்கிறது. ஒரு குழுவுக்கு நாலு பந்து, அது அந்தக் குழுவிட பந்து. கையால எறியிறது இல்ல, வெளிய போனா காலால உள்ள தட்டட்டும். கோலி சொந்தக் கையுறையோட வரணும், அதில துப்புற பழக்கத்தை முதல் நாளே நிப்பாட்டுங்க. மூண்டாம் நாலாம் கிழமையில பெட்டிக்குள்ள நாலுக்கு நாலு, ஒம்பதாவது ஆள் இரண்டு பக்கத்துக்கும் பொது. 4 நிமிஷம் ஆட்டம், 2 நிமிஷம் ஓய்வு, அப்படி நாலு தரம். குழுவுக்குக் குழு மெட்ச் அஞ்சாம் கிழமைக்குப் பிறகு, அதுவும் பி.எச்.ஐ. ஓம் எண்டாத்தான். அணி தெரியச் சட்டைக்கு மேல போடுற பிப்பை மாத்திப் போடுறது வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு நிற டீசேர்ட் கொண்டு வரட்டும்.

மறுகா பதிவுக் கொப்பி. குழுவுக்கு ஒரு கொப்பி. திகதி, பெயர், வந்த நேரம், பெற்றோர் போன் இலக்கம், யாரோட சோடி சேந்தது. அந்தக் கடைசி நிரலை எல்லாரும் விட்டிருவாங்க. பி.எச்.ஐ. "யாரோட நிண்டவன்?" எண்டு கேக்கிற நேரம் அதுதான் உதவும். சோடியை ஒவ்வொரு நாளும் மாத்தாதீங்க. காய்ச்சல் பாக்கிற துவக்கை நம்பி இருக்காதீங்க: வெயிலுக்குள்ள சைக்கிள் மிதிச்சு வந்த பிள்ளையிட நெத்தி சும்மாவே சுடும், நோய் உள்ள கனபேருக்குக் காய்ச்சலே இருக்காது. அதுக்குப் பதிலா மூண்டு கேள்வி. காய்ச்சல், இருமல், தொண்டை நோ ஏதும் இருக்கா? வீட்டில யாருக்கும் இருக்கா? வீட்டில யாரும் தனிமைப்படுத்தலில இருக்காங்களா? ஒண்டுக்கு ஓம் எண்டாலும் வீட்ட. பிள்ளைக்கு அது தண்டனை மாதிரித் தெரியக்கூடாது, தெரிஞ்சா அடுத்த முறை பொய் சொல்லும்.

விசில் பத்தியும் ஒரு சொல். முகக்கவசத்தைக் கழட்டி ஊதினா கோச்தான் மைதானத்திலயே கூட எச்சில் பறத்துற ஆள். பழைய சைக்கிள் மணி ஒண்டு போதும்.


அக்கரைப்பற்று லெக்ஸ்பின்

ஸ்டொப்பர் சொன்னது சரி. நான் அந்த வாசலைப் பத்திச் சொல்றன். தம்பி, அதைச் செய்விக்காதீங்க. ஆக்களுக்கு மேல கிருமிநாசினி தெளிக்கிறதை எந்த நிலைமையிலயும் செய்யக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியாச்சு. குளோரின் கண்ணிலயும் தோலிலயும் எரிவைக் குடுக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சை அடைக்கும். நோய் இருந்தா அது பிள்ளையிட மூக்குக்குள்ளயும் நெஞ்சுக்குள்ளயும் இருக்கு, சட்டையில அடிச்சு என்ன பலன்? புல்லுக்கு அடிக்கிறதும் அதே கதைதான். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்னிரும், வெயில் மிச்சத்தை முடிச்சிரும்.

கமிட்டியில வாதாடிப் பிரயோசனமில்லை, காசுக்கு வேற வேலை காட்டுங்க. பந்து இன்னும் மூண்டு எடுத்தா 12 ஆகும், மூண்டு உதைபந்துக் குழுவுக்கும் நாலு நாலு. இப்ப இருக்கிற ஒம்பதில குழுவுக்கு நாலு எண்டா ஒரே பந்துதான் அடுத்த நாள் மற்றக் குழுவுக்குப் போகும். அதிலயும் பெரிய பயமில்லை, கழுவி வச்சாப் போதும். ஆனா கமிட்டி கண்ணால பாக்கிற மாதிரி ஒரு பொருள் வேணுமே.

கை கழுவ ஒரு குழாய் காணாது. கால்மிதி கான் நாலு செய்யுங்க. 5 லீற்றர் எண்ணெய்க் கான் எடுத்து, மூடிக்குக் கீழ அரைச் சாண் தள்ளி, சுட்ட ஆணியால ஒரு துளை. துளை பெருத்தா 5 லீற்றரும் பத்துப் பேரோட முடிஞ்சிரும், 2 மில்லிமீற்றர் போதும். கானின் கைபிடிக்குள்ளால ஒரு தடியைக் கோத்து இரண்டு கவட்டுக் கம்புக்கு நடுவில தொங்க விட்டு, கழுத்தில கயிறு கட்டி, கயிற்றின் மற்ற முனையைக் கீழ ஒரு மிதிதடியில கட்டுங்க. மிதிச்சா கான் சரிஞ்சு தண்ணி வரும், கையால ஒண்டையும் தொடத் தேவையில்லை. கயிறு நீளமாப் போனா மிதிதடி நிலத்தில முட்டியும் கான் சரியாது. எல்லாரும் விடுற பிழை அதுதான். சவர்க்காரத்தை ஒரு வலைப் பைக்குள்ள போட்டுப் பக்கத்தில தொங்க விடுங்க. கீழ அரை மீற்றர் கிடங்கு வெட்டிக் கல்லுப் போடாட்டி சேறாகும், தண்ணி தேங்கும், மாரியில டெங்கு நுளம்புக்கு நீங்களே வீடு கட்டிக் குடுத்த மாதிரி.

பந்துக்குச் சவர்க்காரத் தண்ணியும் துணியும்தான். தோல் பந்துக்குக் குளோரின் போட்டா தையல் இத்துப் போகும். குளோரின் கதவுப் பிடி, வாங்கு, கோல் கம்பம் மாதிரி பல கை படுற வன்பொருளுக்கு மட்டும். 0.1 வீதக் கரைசல் போதும். கடையில விக்கிற 5 வீதத் திரவ பிளீச் எண்டா 200 மில்லிலீற்றர் எடுத்து மொத்தம் 10 லீற்றர் ஆகும் வரை தண்ணி விடுங்க. பிளீச்சிங் தூள் 30 வீதம் எண்டா 10 லீற்றருக்கு 33 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், பலசரக்குக் கடைத் தராசில ஒரு தரம் நிறுத்துப் பாத்து ஒரு மூடியில கோடு போட்டு வையுங்க. முதல் அழுக்கைக் கழுவி, பிறகு பூசி, பத்து நிமிஷம் விட்டு, இரும்பு எண்டா நல்ல தண்ணியால துடைச்சிருங்க, இல்லாட்டிக் கறள் பிடிக்கும். அண்டைக்குக் கரைச்சது அண்டைக்குத்தான். கக்கூஸ் கழுவுற அசிட் திரவத்தோட கலந்துராதீங்க, நச்சு வாயு வரும்.

பக்கத்துப் பாதியில கிரிக்கெட் அடிக்கிற பெரியாக்களுக்கும் சொல்லுங்க: பந்தில எச்சில் பூசுறதை ஐ.சி.சி. 2020 ஜூனிலயே தடை செஞ்சிட்டுது. டென்னிஸ் பந்தில எச்சில் பூசி என்ன பளபளப்பு வரப்போகுதோ, அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பழக்கதோஷம்.


பிசியோ மிஸ் (மட்டக்களப்பு)

தொற்றைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் மாதத்தில் உங்கள் பிள்ளைகளை மைதானத்திலிருந்து வெளியே அனுப்பப்போவது பெரும்பாலும் கொவிட் அல்ல, பின்தொடைத் தசைப் பிடிப்பும் குதிகால் வலியும்தான். மாதக்கணக்காக ஓடாத காலை முதல் நாளே பழைய வேகத்துக்கு இழுத்தால் அதுதான் நடக்கும்.

கணக்கு எளிது. ஊரடங்குக்கு முன் ஒரு பயிற்சியில் பிள்ளை மொத்தம் 4 கிலோமீற்றர் ஓடியது என்று வைப்போம். முதல் கிழமை அதில் பாதியைக் குறையுங்கள், 2 கிலோமீற்றர். இரண்டாம் கிழமை 30 வீதம் குறைத்து 2.8. மூன்றாம் கிழமை 20 வீதம் குறைத்து 3.2. நான்காம் கிழமை 10 வீதம் குறைத்து 3.6. விரைவோட்டத்துக்கு முதல் கிழமை ஓடிய நேரத்தைப் போல் நான்கு மடங்கு ஓய்வு: 10 வினாடி ஓடினால் 40 வினாடி நடை. இரண்டாம் கிழமை மூன்று மடங்கு. தண்டனையாக மைதானத்தைச் சுற்ற விடுவது இந்த நான்கு கிழமைக்கும் வேண்டாம். (பிறகும் வேண்டாம் என்பது என் கட்சி.)

சூடேற்றலுக்கு FIFA வகுத்த "11+" என்ற 20 நிமிடத் தொகுப்பு உங்களுக்குப் பொருந்தும்: 8 நிமிட மெல்லோட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, குதிப்பு, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். கிழமைக்கு இரண்டு தரமாவது செய்தால்தான் பலன். அதில் தோளோடு தோள் மோதும் பயிற்சியை மட்டும் இப்போதைக்கு விடுங்கள். முழங்காலில் நின்று முன்னே சரியும் பின்தொடைப் பயிற்சிக்கு ஒருவர் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, சகோதரமோ அப்பாவோ பிடிக்கட்டும். முதல் கிழமை ஒரு நாள், 5 தரம் இரண்டு சுற்று. இரண்டாம் கிழமை இரண்டு நாள், 6 தரம் இரண்டு சுற்று. அதற்கு மேல் அவசரப்பட்டால் மறுநாள் படி இறங்க முடியாது, பிள்ளை அந்தப் பயிற்சியையே வெறுத்துவிடும்.

சப்பாத்தைப் பாருங்கள். 12, 13 வயதில் அரை வருடத்தில் கால் ஒரு அளவு கூடியிருக்கும், பழைய பூட்ஸ் விரலை மடக்கும். வீட்டுச் சுவரில் மாதம் ஒரு தரம் உயரத்துக்குப் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். மாதத்துக்கு 0.6 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும் பிள்ளைக்குக் குதிகாலிலும் முழங்கால் சில்லுக்குக் கீழும் நோவு வர வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைக்குக் குதிப்பையும் விரைவோட்டத்தையும் குறையுங்கள், "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள்.

கடற்கரை நல்ல மாற்று இடம், கல்லடிக் கரையில் காற்றும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஆனால் இளகிய மணலில் ஓட, கெட்டி நிலத்தில் ஓடுவதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும், கெண்டைத் தசையும் குதிநாணும் கூட இழுபடும். முதல் நாள் 10 நிமிடம் போதும். ஈரக் கரையில் ஓடினால் நிலம் கடல் பக்கம் சரிந்திருக்கும். போன தூரம் அளவுக்கே திரும்பியும் ஓடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்க இடுப்பு நோகும். வெறுங்காலுக்கு முன் தூண்டில் முள், போத்தல் ஓடு இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும்.

இனிச் சுகமான ஆறு பேர். 2020இல் விளையாட்டு மருத்துவர்கள் வகுத்த படிமுறை ஒன்று உண்டு, இலேசாக வந்து வீட்டிலேயே சுகமானவர்களுக்கு அது போதும். அறிகுறி தொடங்கி குறைந்தது 10 நாள் ஆகியிருக்க வேண்டும், அதில் கடைசி 7 நாள் மருந்தில்லாமலே அறிகுறி ஒன்றும் இருக்கக்கூடாது. அதன்பின் இரண்டு நாள் 15 நிமிட நடை, மெல்லோட்டம். மறுநாள் 30 நிமிடம் ஓட்டத்தோடு எளிய பந்துப் பயிற்சி. அடுத்த நாள் 45 நிமிடம். பிறகு இரண்டு நாள் 60 நிமிட வழமையான பயிற்சி. ஆக, எவ்வளவு விரைவாகப் போனாலும் 17ஆம் நாளுக்கு முன் முழு வேகம் இல்லை. எந்தப் படியிலாவது களைப்போ மூச்சு வாங்கலோ வழமைக்கு மாறாக வந்தால் நிறுத்தி, 24 மணித்தியாலம் ஓய்வு கொடுத்து, முந்திய படிக்கு இறங்குங்கள்.

நாடித்துடிப்பைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ 15 வினாடி எண்ணச் சொல்லுங்கள். 220இல் வயதைக் கழித்து 70 வீதம் பார்த்தால், 12 இலிருந்து 17 வயது வரை எல்லோருக்கும் 15 வினாடிக்கு ஏறத்தாழ 36 வரும். முதற் படியில் அதைத் தாண்டக்கூடாது. அடுத்த படிகளில் 41ஐத் தாண்டக்கூடாது, அது 80 வீதம். இந்த இரண்டு எண்ணையும் கொட்டில் தகரத்தில் எழுதிவிடுங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இலேசாகத்தான் வந்தது என்றால் இவ்வளவு படி தேவையில்லை, அதன் போக்கில் விளையாட விட்டுக் கவனித்தால் போதும்.

வைத்தியரைப் பார்க்காமல் மைதானத்துக்கு எடுக்கக்கூடாதவர்கள்: 4 நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தவர், வைத்தியசாலையில் தங்கியவர், ஓடும்போது நெஞ்சு நோவு, படபடப்பு, மயக்கம், சிறு ஓட்டத்துக்கே மூச்சு முட்டல் வருபவர். இதயத் தசை அழற்சி அரிது, ஆனால் அது இருக்கும்போது ஓடினால் உயிருக்கே ஆபத்து. ஈ.சி.ஜி.யும் தேவையென்றால் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்ப்பார்கள். இருப்பது உறுதியானால் 3 தொடக்கம் 6 மாதம் போட்டி விளையாட்டு இல்லை.

முகக்கவசம்: ஓடும்போது வேண்டாம், வியர்வையில் நனைந்தால் மூச்சு இழுபடும். வரும்போது, போகும்போது, வரிசையில் நிற்கும்போது, கோச் விளக்கும்போது வேண்டும். ஆளுக்கு இரண்டு, காய்ந்த ஒன்று கடதாசி உறையில்.


நாவற்குடா விங்கர்

மிஸ், அந்த 36, 41 கணக்கு இவ்வளவு லேசா இருக்குமெண்டு நினைக்கல்ல. லெக்ஸ்பின் காக்கா, வாசலுக்குப் பதிலாப் பந்து எண்டு கமிட்டியில சொல்லிப் பாக்கிறன். இரண்டு விசயம் மிச்சம்: கபடிப் பிள்ளைகள் ஒம்பது பேர். மற்றது, குழு முறை வந்தா ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு மூண்டு மணித்தியாலம்தான். மற்ற நாள் போனோட கிடக்கும். திரும்ப முடக்கம் வந்தாலும் அதே பாடுதான்.


ஆலையடிவேம்பு ரெய்டர்

கபடி மெட்ச் இப்போதைக்கு வேண்டாம். உதைபந்தில நெருக்கம் வந்து போகும். கபடியில பிடிச்சு வச்சிருக்கிறதுதான் விளையாட்டே, அதுவும் ஒருத்தன் வாயால விடாமப் பாடிக்கிட்டு, ஏழு பேர் அவனுக்கு மேல விழுந்து.

ஆனா பயிற்சி செய்ய நிறைய இருக்கு. ஆண்கள் களம் 13க்கு 10 மீற்றர், பெண்கள் களம் 12க்கு 8. களத்தைக் கீறி, ஒருத்தர் மட்டும் 30 வினாடி ரெய்டு போகட்டும். தடுக்கிறவங்க எட்ட நிண்டு காலடியை மட்டும் நகத்தட்டும். போனஸ் கோட்டில கால் வைக்கிறது, திரும்புற கால், கையை நீட்டித் தொடுற தூரம் எல்லாம் தனியாத்தான் திருந்தும். மெட்ச் நடக்கிற காலத்தில இதுக்கு யாருக்கும் பொறுமை இருக்கிறதில்ல. பாட்டு மைதானத்தில வேண்டாம், வீட்டு முற்றத்தில ஒரே மூச்சில 30 வினாடி பாடிப் பழகட்டும்.

கணுக்கால் பிடிக்குப் பழைய ஜீன்ஸ் எடுங்க. இரண்டு காலையும் கீழ இறுக்கிக் கட்டி, நெல் ஆலை உமியை அடைஞ்சு நிரப்பி, இடுப்பைத் தைச்சு, ஒரு மரக்கொப்பில கால் நிலத்தில முட்ட முட்டத் தொங்க விடுங்க. ஆளுக்கு ஒண்டு எண்டா நல்லது, இல்லாட்டி மூண்டு பேருக்கு ஒண்டு, பிடிக்க முன்னும் பின்னும் கை கழுவு. மண் நிரப்பாதீங்க. பாரத்தில பிள்ளையிட முதுகு போகும். உமி நனைஞ்சா இரண்டு நாளில நாறும், மழைக்கு முதல் கழட்டிக் கொட்டிலில போடுங்க.


வலைப்பந்து ரீச்சர் (ஏறாவூர்ப்பற்று)

வீட்டு நாளுக்குச் சூம் வகுப்பு வைக்க வேண்டாம். ஒரு வீட்டில ஒரு போன், அதில மூன்று பிள்ளைகளுக்குப் பாடம், டேட்டா முடிஞ்சா அவ்வளவுதான். வட்ஸ்அப்பில 90 வினாடிக் குரல் பதிவும், கொப்பித் தாளில குச்சி மனுசன் கீறின ஒரு படமும் காணும். அசைவு விளங்காட்டி மட்டும் 15 வினாடி வீடியோ. பிள்ளை செய்தால் அம்மா கொப்பியில சரி போட்டு ஒப்பம் வைக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாச் சொல்றன். பிள்ளைகளிட்ட "செய்து காட்டி வீடியோ அனுப்பு" என்று கேட்க வேண்டாம், முக்கியமாப் பொம்பிளைப் பிள்ளைகளிட்ட. குழுவில பெற்றோர் இலக்கம்தான் இருக்கணும், கோச் பிள்ளையோட தனியாச் செய்தி பரிமாறக்கூடாது, இரண்டு கோச்சும் ஒரு கமிட்டி உறுப்பினரும் குழுவில இருக்கணும். இதை எழுதிப் பெற்றோரிட்ட குடுங்க. வீட்டுக்குள்ள அடைபட்ட காலத்தில பிள்ளைகளுக்கு வீட்டிலயே பிரச்சினை வாறதும் உண்டு. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அதே தாளின் அடியில போடுங்க.

பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிசம் உடல் அசையணும், ஒரே நீட்டில இல்லாட்டியும் பரவாயில்லை. கயிறு அடிக்கிறதுதான் ஆகக் குறைஞ்ச செலவு. கயிற்றின் நடுவை மிதிச்சு நின்றால் இரண்டு முனையும் கமக்கட்டு வரை வரணும், அதுதான் அளவு. 20 வினாடி அடிச்சு 40 வினாடி நின்று, பத்து முறை. சீமெந்து நிலத்தில வெறுங்காலோட வேண்டாம். பாரத்துக்கு ஒன்றரை லீற்றர் போத்தல்: தண்ணி நிரப்பினால் ஒன்றரைக் கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும்.

அம்மாமாரையும் அம்மம்மாமாரையும் சேர்த்துக்கொள்ளுங்க, கிளினிக்குக்குப் போகவும் பயந்து, நடக்கவும் விட்டுப் போட்டு இருக்கிறவங்க நிறைய. பெரியாக்களுக்குக் கிழமைக்கு 150 நிமிச நடை, கதைக்க முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். முற்றம் 20 மீற்றர் என்றால் 50 தரம் குறுக்க நடந்தால் ஒரு கிலோமீற்றர். கதிரையில இருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கிறது 10 தரம், சுவரில கையூன்றித் தள்ளுறது 10 தரம், கிழமைக்கு மூன்று நாள். கதிரையைச் சுவரோட முட்ட வையுங்க. சும்மா நடுவில வைச்சால் சறுக்கும், பிளாஸ்ரிக் கதிரை இன்னும் மோசம்.

சீனி வருத்தக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ கிளிக்ளசைட் மாதிரிக் குளிசையோ எடுக்கிறவங்க, மருந்தைப் போட்டுட்டு வெறும் வயிற்றோட நடக்கக்கூடாது. மெட்போமின் மட்டும் எடுக்கிறவங்களுக்கு அந்தப் பயம் குறைவு. நடுக்கம், குளிர் வேர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நின்று மூன்று தேக்கரண்டி சீனி கரைச்சுக் குடிச்சு, 15 நிமிசம் இருந்து, சரிவராட்டித் திரும்பவும் குடிக்கணும். செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்கணும், தனக்குத் தெரியாட்டிப் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.


களுவாஞ்சிக்குடி ஸ்டொப்பர்

ரீச்சர் சொன்ன தாளை நாங்களும் எடுக்கிறம்.

விங்கர், மழையை யாரும் சொல்லல்ல. ஒக்டோபர், நவம்பர் பின்னேரத்தில இடி மின்னல் வாற காலம், உங்கட 4.15 அதுக்குள்ளதான் விழுது. மின்னல் தெரிஞ்சு 30 வினாடிக்குள்ள முழக்கம் கேட்டா மைதானத்தை விடணும், கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிஷம் திரும்பக்கூடாது. அந்த நேரம் 2 மீற்றர் இடைவெளி எண்டு பிள்ளைகளை வெளிய நிப்பாட்டாதீங்க, மரத்துக்குக் கீழயும் விடாதீங்க. சுவர் உள்ள கட்டிடம் எதுவோ அதுக்குள்ள முகக்கவசத்தோட போகட்டும், யன்னலைத் திறந்து விடுங்க. சுத்தித் திறந்த தகரக் கொட்டில் மின்னலுக்குப் பாதுகாப்பில்ல. அதைவிட நல்லது, 3.30க்கு வானத்தைப் பாத்து வட்ஸ்அப்பில "இண்டைக்கு இல்ல" எண்டு போடுறது. வந்த பிறகு கலைக்கிறது கஷ்டம்.

இனி வாற காய்ச்சல் எல்லாம் கொவிட்டாத்தான் இருக்கணுமெண்டு இல்ல, டெங்குவும் இருக்கும். கோச்சிட பையில இருந்து குளிசை ஒண்டும் குடுக்காதீங்க. நோவுக்கெண்டு குடுக்கிற டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் மூண்டும் டெங்குவில இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும், அதையும் அம்மா குடுக்கட்டும். சேத்து நிலத்தில, வயல் தண்ணி வந்து ஏறின மைதானத்தில காலில வெட்டுக் காயத்தோட விளையாட விடாதீங்க, எலிக்காய்ச்சல் அதுக்குள்ளால வரும்.


நாவற்குடா விங்கர்

நன்றி அண்ணன், நன்றி எல்லாருக்கும். வாசலுக்கெண்டு வச்ச காசில பந்து மூண்டு, கான் நாலு, சவர்க்காரம், சுண்ணாம்பு, கொப்பி எண்டு எழுதியிருக்கன். தாண்டிப் பழகிறதுக்குப் பழைய டயர் ஆறு கிடக்கு, அதைப் பாவிக்கலாமா?


அக்கரைப்பற்று லெக்ஸ்பின்

பாவிக்கலாம். ஒவ்வொரு டயரிலயும் கீழ்ப் பக்கச் சுவரில நாலு துளை, நடு விரல் போற அளவுக்கு, எதிரெதிரா. ஒரு துளை மட்டும் போட்டா டயர் சரிஞ்சு கிடக்கிற பக்கம் தண்ணி நிக்கும். துளைக்க ஏலாட்டி பயிற்சி முடிய நிமித்தி வேலியில கட்டுங்க, மழை விட்ட அடுத்த நாள் காலையில ஒருக்கா உருட்டிப் பாருங்க. பி.எச்.ஐ. வந்தா டெங்கு நுளம்புக்கெண்டு முதல்ல எட்டிப் பாக்கிறது டயருக்குள்ளதான்.